சாவி யார் கையில்? கிறிஸ்தவப் பள்ளிகளின் தொழில்நுட்ப மன்றங்கள் பற்றிச் சில குறிப்புகள்

கிறிஸ்தவப் பள்ளிகளில் மாணவர் தொழில்நுட்ப மன்றங்களை ஊக்குவிக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது எல்லாப் பக்கமும் கேட்கிறது. மறைமாவட்டக் கல்விக் கூட்டங்களில் கேட்கிறது. திருமண்டலப் பள்ளிகளின் ஆண்டுவிழா மேடைகளில் கேட்கிறது. பழைய மாணவர் வாட்ஸப் குழுக்களில், வெளிநாட்டில் இருக்கும் யாராவது ஒருவர் மாதம் ஒருமுறை இதை எழுதிவிடுகிறார். எதிர்த்து ஒருத்தரும் பேசியதில்லை. எதிர்க்க அதில் என்ன இருக்கிறது? பிள்ளைகள் ரோபோ செய்தால் யாருக்கு நஷ்டம்?

யாருமே எதிர்க்காத ஒரு விஷயம் என்றால் அதைக் கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். மன்றங்கள் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 'ஊக்குவிப்பது' என்ற சொல்லுக்கு நம் பள்ளிகள் என்ன பொருள் கொள்கின்றன என்பதில்தான் எனக்குச் சண்டை. கடந்த சில வருடங்களில் நண்பர்கள் கூப்பிட்டதால் பல பள்ளிகளின் கண்காட்சிகளுக்கும் மன்றத் தொடக்க விழாக்களுக்கும் போயிருக்கிறேன். நானே மிஷன் நடத்தும் உதவி பெறும் பள்ளியில் படித்தவன்தான். அதனால் கொஞ்சம் உரிமையோடு எழுதுகிறேன். பள்ளிகளின் பெயர் எதுவும் வராது, தேடாதீர்கள்.

முதலில் காட்சி. குத்துவிளக்கு அல்லது மெழுகுவர்த்தி. தாளாளர் ஜெபத்தோடு ரிப்பன் வெட்டுகிறார். சுவரில் பெரிய ஃப்ளெக்ஸ், அதில் நீல நிறத்தில் ஒரு மனித மூளை, சுற்றிலும் மின்சுற்றுக் கோடுகள். (இந்தப் படத்தை யார் முதலில் வரைந்தார்களோ தெரியாது, தமிழ்நாட்டில் இது இல்லாத கணினி அறை கிடையாது.) பிறகு மாணவர்களின் படைப்புகள். ஆள் வந்தால் தானாக மூடி திறக்கும் குப்பைத்தொட்டி. பார்வையற்றோருக்கான பீப் அடிக்கும் கோல். மண் காய்ந்தால் தண்ணீர் விடும் செடித்தொட்டி. நான்காவதாக ஒன்று இருந்தால், அது கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் வண்டி.

நாலுமே நல்ல பயிற்சிகள். அதில் குறை இல்லை. ஆனால் எல்லாப் பள்ளியிலும் இந்த நாலுதான் என்றால் அது படைப்பு இல்லை, பாடம். நம்ம 'அக்பர் தி கிரேட்' கட்டுரை மாதிரி, கைடில் இருப்பதை மனப்பாடம் செய்து ஒப்பிப்பதுதான். தாளுக்குப் பதில் ஆர்டுவினோ பலகை, அவ்வளவே. ஒரு பள்ளியில் அந்தக் கோலைச் செய்த பையனிடம், "இதைப் பார்வையற்ற யார்கிட்டயாவது கொடுத்துப் பாத்தியா தம்பி?" என்று கேட்டேன். அவன் தன் மிஸ்ஸைப் பார்த்தான். மிஸ் கிட் விற்ற நிறுவனத்தின் பயிற்சியாளரைப் பார்த்தார். அந்த ஊரிலேயே மிஷன் தொடங்கிய பார்வையற்றோர் விடுதி ஒன்று இருக்கிறது, நடந்து போகிற தூரம்தான். அங்கே போய்க் கேட்டிருந்தால், சாதாரண வெள்ளைக் கோல் தரையைத் தட்டும்போதே கைக்கு எத்தனை செய்தி சொல்கிறது என்று அவர்களே சொல்லியிருப்பார்கள். இடுப்பு உயரத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும் கிளையோ லாரியின் பின்பலகையோ பற்றித்தான் கோல் சொல்லாது என்பதும் தெரிந்திருக்கும். அப்போது சென்சாரை எங்கே பொருத்துவது என்ற கேள்வியே மாறியிருக்கும். அந்த உரையாடல் நடக்கவில்லை. கிட்டோடு வந்த புத்தகத்தின் படம் அப்படியே மேசைக்கு வந்துவிட்டது.

இதற்கு அந்தப் பையனையோ அந்த மிஸ்ஸையோ குறை சொல்வது அநியாயம். மன்றம் என்பது வாங்கப்பட்ட ஒரு பொருளாக வந்திருக்கிறது. நிறுவனம் கிட் தருகிறது, வாரம் ஒருமுறை பயிற்சியாளரை அனுப்புகிறது, வருடக் கடைசியில் சான்றிதழ் தருகிறது. பள்ளிக்கு அட்மிஷன் நோட்டீஸில் போட ஒரு வரி கிடைக்கிறது. எல்லாருக்கும் திருப்தி. மன்றத்தை நடத்துவது யார் என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை.

சரி, இனி கொஞ்சம் சங்கடமான இடம்.

நம் ஊர்களில் பழைய மிஷன் வளாகங்களை ஒருமுறை சுற்றி வாருங்கள். ஒரே காம்பவுண்டுக்குள் பெரும்பாலும் இரண்டு பள்ளிகள் இருக்கும். ஒன்று நூறு வருடம் தாண்டிய உதவி பெறும் பள்ளி. தமிழ் வழி, ஓட்டுக் கூரை அல்லது பழைய காரைக் கட்டடம், ஆசிரியர் சம்பளம் அரசு தருகிறது, சுற்றுப்பட்டு ஏழைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். இன்னொன்று பின்னால் வந்த சுயநிதி மெட்ரிக் அல்லது சிபிஎஸ்இ பள்ளி. அதற்குத் தனி கேட், தனி சீருடை, தனி பஸ். நிர்வாகம் ஒன்றே. ரோபோ மன்றம் எந்த கேட்டுக்குள் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கட்டணம் கட்டுகிறவர்களிடம் கிட்டுக்கும் சேர்த்து வாங்கலாம், மற்றவர்களிடம் முடியாது. கணக்கு நேரானதுதான். ஆனால் இந்தக் கணக்கைப் போடத்தான் அந்த நூறு வருடப் பள்ளியைத் தொடங்கினார்களா?

உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் எப்போதுமே இரண்டு படிக்கு நடுவில் விழுகிறவர்கள். மருத்துவப் படிப்பில் 2020இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மட்டும்தான். பக்கத்துத் தெரு அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு உண்டு, அதே தெருவிலிருந்து மிஷன் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு இல்லை. தனியார் பள்ளிப் பிள்ளைக்கு அப்பாவின் பணம் இருக்கிறது, அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு அரசாணை இருக்கிறது. இவர்களுக்கு நிர்வாகத்தை விட்டால் வேறு ஆள் கிடையாது. அந்த நிர்வாகமும் ரோபோவை அடுத்த கேட்டுக்குள் வைத்துவிட்டால்?

ஆனால் ஒரு விஷயம் அவர்களுக்கும் வந்தது. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் உதவி பெறும் பள்ளி மாணவர்களும் சேர்க்கப்பட்டார்கள். எல்காட் கொடுத்த அந்தத் தொடக்க காலக் கணினிகளில் விண்டோஸோடு, சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. நினைத்துப் பாருங்கள், கூலி வேலை செய்யும் வீடுகளில் லினக்ஸ் கணினி! எந்தக் கிட் நிறுவனமும் கனவு காணாத வாய்ப்பு. அதை எத்தனை பள்ளிகள் பயன்படுத்திக்கொண்டன? பேட்டரி போன கணினியும், திரை விரிசல் விட்ட கணினியும், வைரஸ் ஏறி நின்றுபோன கணினியும் ஊர் ஊராகக் கிடந்தன. பஜாரில் மொபைல் கடைக்காரர் 500, 800 வாங்கிக்கொண்டு சரிசெய்தார், அல்லது சரிசெய்வதாகச் சொன்னார். ஒரு பள்ளியில் பத்துப் பிள்ளைகளுக்கு ஸ்க்ரூடிரைவரும், ஒரு பென் டிரைவும், சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரமும் கொடுத்திருந்தால் போதும். அதுதான் தொழில்நுட்ப மன்றம். ஃப்ளெக்ஸ் தேவைப்பட்டிருக்காது.

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாற்றுக்குப் போக வேண்டும். "கிறிஸ்தவப் பள்ளிகளுக்குத் தொழில்நுட்பம் புதுசு" என்ற தொனியில் மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். இங்கே இந்தப் பள்ளிகளின் கதையே ஒரு பட்டறையில்தான் தொடங்குகிறது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு குழுவினருக்கு ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து தமிழ் அச்செழுத்துகள் வந்தன. அவை அளவில் பெரியவை. புத்தகம் தடிக்கும், காகிதமோ பற்றாக்குறை. ஆகவே இங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்திலிருந்து உதவியாக வந்த பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கினார்கள் என்று அச்சு வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலை ஒன்றும் வைத்துப் பார்த்தார்கள். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சில் வந்து முடிந்தது. வந்த கிட் சரிப்படவில்லை, டப்பா மூடியை உருக்கி வேறு செய்துகொண்டார்கள். இதைவிட நல்ல மன்றப் பாடம் வேறு வேண்டுமா?

இதில் ரொம்ப உருகிவிடவும் கூடாது. அதே மரபில் இன்னொரு பக்கம் உண்டு. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியை எடுத்துக்கொள்ளுங்கள். டேனியல் பூர் என்பவர் அதன் முதல் தலைவர். கணிதம், வானியல், இயற்பியல் என்று அந்தக் காலத்துக்கு மிக உயர்ந்த பாடத்திட்டம். 1829 மார்ச்சில் ஒரு சந்திர கிரகணம் வந்தது. உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிதர் விசுவநாத சாஸ்திரியின் கணக்குக்கும் செமினரியின் கணக்குக்கும் நேரத்தில் வித்தியாசம். ஊரே காத்திருந்தது. செமினரியின் கணக்கு சரியாக வந்தது. பூருக்கு அது வானியலின் வெற்றி மட்டுமில்லை, மதத்தின் வெற்றியும்கூட. அந்த இரவு எனக்கு நம் கண்காட்சி மேசையை நினைவுபடுத்துகிறது. கருவி இருக்கிறது, கணக்கு இருக்கிறது, ஆனால் எல்லாம் யாரோ ஒருவருக்கு எதையோ நிரூபிப்பதற்காக. மாணவனுக்கு என்ன கேள்வி இருந்தது என்பது பதிவில் இல்லை. சாஸ்திரியும் தலைமுறை தலைமுறையாக வந்த வாய்பாட்டை வைத்துக் கணக்குப் போட்ட ஆள்தானே? இரண்டு கணக்கும் ஏன் விலகின, எந்த இடத்தில் விலகின என்று மாணவர்கள் அவரோடு உட்கார்ந்து பார்த்திருந்தால் அது எப்பேர்ப்பட்ட மன்றமாக இருந்திருக்கும்!

ஆனால் அந்த செமினரி தான் நினைக்காத ஒன்றையும் செய்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகளான சி.வை. தாமோதரம்பிள்ளையும் கரோல் விசுவநாதபிள்ளையும் அங்கே படித்தவர்கள்தான். தாமோதரம்பிள்ளை சைவத்துக்குத் திரும்பினார், செல்லரித்த ஏடுகளைத் தேடித் தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் அச்சேற்றினார். மிஷன் கொடுத்த கல்வி, மிஷன் எதிர்பார்க்காத வேலைக்குப் போனது. படித்தவர்கள் பிரசங்கியாராகாமல் அரசு வேலைக்குப் போகிறார்கள் என்ற மனக்குறை அமெரிக்கத் தலைமையிடம் வளர்ந்தது, 1855இல் செமினரியை மூடினார்கள். பிள்ளைகள் கையில் உண்மையாகவே கருவியைக் கொடுத்தால், கொடுத்தவர் விருப்பப்படி அவர்கள் நடக்க மாட்டார்கள். தாளாளர்கள் பலருக்கு இது உள்ளுக்குள் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அறை பூட்டியே கிடப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொரு தலைகீழ் மாற்றமும் நடந்திருக்கிறது. எனக்கு இதுதான் மிகவும் உறுத்துகிறது. மிஷன் பள்ளிகளில் கைத்தொழில் எப்போதும் இருந்தது. தச்சு, அச்சுக் கோப்பு, புத்தகக் கட்டு, தையல் என்று எல்லாம். நாகர்கோவிலில் மால்ட் அம்மையார் 1820களில் தொடங்கிய லேஸ் பின்னல், அதில் சம்பாதித்த காசைக் கொடுத்துச் சில பெண்கள் அடிமைத்தளையிலிருந்து தங்களை மீட்டுக்கொள்ளும் அளவுக்குப் போனது. 1906இல் தஞ்சாவூருக்கு வந்த சலேசியர்கள், தொழிற்பயிற்சியையே தங்கள் அடையாளமாக வைத்திருந்த சபை. ஆனால் நடைமுறையில் கைத்தொழில் யாருக்கு? விடுதிப் பிள்ளைகளுக்கு, அநாதைப் பிள்ளைகளுக்கு, 'படிப்பு ஏறாத' பிள்ளைகளுக்கு. நன்றாகப் படிக்கிறவனுக்குப் புத்தகம், மற்றவனுக்கு இழைப்புளி. இப்போது பாருங்கள், கையால் செய்து கற்பதற்கு 'மேக்கர்' என்று ஒரு நாகரிகப் பெயர் வந்ததும் அது கட்டணம் கட்டுகிறவர்களின் உரிமையாகிவிட்டது. உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்கு வினா வங்கிப் புத்தகம். ஏழைக்குக் கைவேலை போதும் என்றோம் அன்று. கைவேலையும் அவனுக்கு அதிகம் என்கிறோம் இன்று.

"எல்லாத்துக்கும் காசு வேணுமே சார்" என்று ஒரு தலைமையாசிரியர் சொன்னார். நியாயமான பேச்சுதான், ஆனால் பாதிதான் நியாயம். நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் வரை கிடைக்கும். கருவிகளுக்குப் பாதி, ஐந்து வருட நடத்துசெலவுக்குப் பாதி. ஆனால் விண்ணப்பிக்கச் சமவெளியில் 1500 சதுர அடி இடம் காட்ட வேண்டும். பழைய பள்ளிகளில் வகுப்பறைக்கே இடமில்லை. கிடைத்த பள்ளிகளிலோ வேறு பிரச்சினை. நான் பார்த்த ஒன்றில் முப்பரிமாண அச்சுப்பொறி மேல் பூப்போட்ட துணி போர்த்தி இருந்தது, ஹார்மோனியத்துக்குப் போர்த்துவது போல. ஆய்வு வரும்போது மட்டும் துணியை எடுப்பார்களாம்.

ஏன் போர்த்தி வைக்கிறார்கள்? கெட்ட எண்ணம் இல்லை. இருப்புப் பதிவேடு. பள்ளியில் வேலை பார்க்காதவர்களுக்கு இதன் பயம் புரியாது. ஒவ்வொரு பொருளும் ஓர் ஆசிரியரின் பெயரில் ஏறுகிறது. தொலைந்தால், உடைந்தால், தணிக்கையில் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஓய்வு பெறும் நேரத்தில் 'நிலுவை இல்லை' சான்றிதழுக்காக, பத்து வருடத்துக்கு முன் உடைந்த நுண்ணோக்கியின் விலையைத் தன் கையிலிருந்து கட்டிய ஆசிரியரை எனக்குத் தெரியும். அவர் ஏன் பிள்ளைகளிடம் சாவியைக் கொடுப்பார்? நானாக இருந்தாலும் பூட்டித்தான் வைப்பேன். மன்றங்களை ஊக்குவிக்க வேண்டும் என்று மேடையில் பேசும் நிர்வாகம், அதே மேடையில் "மன்றத்தில் உடையும் பொருளுக்கு ஆசிரியர் பொறுப்பில்லை, நிர்வாகம் பொறுப்பு" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். ஆயிரம் கைதட்டலுக்கு அது சமம். செலவும் குறைவு.

இனி, ஒழுங்காக நடந்த ஓரிரண்டு உதாரணங்கள். அயர்லாந்தின் கார்க் நகரத்தில் பிரசன்டேஷன் பிரதர்ஸ் காலேஜ் என்று ஒரு பள்ளி. பெயர்தான் காலேஜ், கத்தோலிக்கத் துறவறச் சகோதரர்கள் தொடங்கிய மேல்நிலைப் பள்ளி அது. அங்கே படித்த ஜேம்ஸ் வெல்டன் என்ற பையன் ஐபாட் நானோவை ஹேக் செய்து கொஞ்சம் பேர் வாங்கினான். சின்ன வகுப்புப் பிள்ளைகள் "எங்களுக்கும் சொல்லிக்கொடு" என்று சுற்றிக்கொண்டார்கள். 2011இல் பள்ளியிலேயே ஒரு கணினி மன்றம் ஆரம்பித்து எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் சொல்லிக்கொடுத்தான். அதே வருடம் பில் லியாவ் என்ற தொழில்முனைவரோடு சேர்ந்து, பள்ளிக்கு வெளியே எந்தப் பிள்ளையும் இலவசமாக வரலாம் என்று தொடங்கியதுதான் கோடர்டோஜோ. பல நாடுகளுக்குப் பரவி, 2017இல் ராஸ்பெர்ரி பை அறக்கட்டளையோடு சேர்ந்தது. அங்கே நிர்வாகம் பெரிய திட்டம் ஒன்றும் போடவில்லை. ஒரு மாணவனுக்கு ஓர் அறையைக் கொடுத்தது, அவன் சொல்லிக்கொடுப்பதைத் தடுக்கவில்லை. நம் பள்ளியில் ஒருத்தன் ஐபாடை 'ஹேக்' செய்தான் என்று தெரிந்தால் முதலில் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்வார்கள்.

பக்கத்திலேயே கேரளம் இருக்கிறது. 2018 ஜனவரியில் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' மன்றங்கள் இன்று அரசு, உதவி பெறும் உயர்நிலைப் பள்ளிகள் 2000க்கும் மேல் இயங்குகின்றன. அங்கே உதவி பெறும் பள்ளிகளில் பெரும்பங்கு கிறிஸ்தவ நிர்வாகங்களுடையது என்பதால், எண்ணிக்கையில் பார்த்தால் கிறிஸ்தவப் பள்ளிப் பிள்ளைகளின் மிகப் பெரிய தொழில்நுட்ப இயக்கம் இதுவாகத்தான் இருக்கும். நடத்துவது சபை இல்லை, அரசு. பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருள். அனிமேஷன், வன்பொருள், மின்னணுவியலோடு மலையாளக் கணிமையும் ஒரு பாடம். நம் ரோபோ மன்றங்களில் தமிழ் யூனிகோடு பற்றி ஒரு மணி நேரம் பேசியிருப்பார்களா? 2022இல் இந்தப் பிள்ளைகள் தங்கள் பள்ளியின் தாய்மார்களுக்கே இணையப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தார்கள், 'அம்ம அறியான்' என்ற பெயரில். எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை அம்மாவுக்கு ஓடிபி மோசடி பற்றிச் சொல்லித்தருகிறது. இது எனக்குக் கோட்டைப் பின்தொடரும் வண்டியை விடப் பெரிய விஷயம். குறையும் உண்டு. நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள், மதிப்பெண் சலுகை வேறு. சலுகைக்காக வருகிற கூட்டம் எந்த மன்றத்தையும் கொஞ்சம் கெடுக்கத்தான் செய்யும்.

கிறிஸ்தவப் பள்ளி என்பதால் இந்த மன்றத்துக்கு ஏதாவது தனியாக இருக்க வேண்டுமா? ஜெபத்தோடு தொடங்குவது, பைபிள் வினாடி வினா ஆப் செய்வது எல்லாம் எனக்கு மேற்பூச்சாகத்தான் படுகிறது. உண்மையான சொத்து வேறு இடத்தில் கிடக்கிறது. பெல்ஜியத்துக் குருவான ஜோசப் கார்டைன் ஆலைத் தொழிலாளி இளைஞர்களுக்காக உருவாக்கிய முறை ஒன்று உண்டு: பார், ஆராய்ந்து முடிவெடு, செயல்படு. 1961இல் போப்பின் சுற்றுமடலிலேயே இடம்பிடித்தது. இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தில், ஒய்.சி.எஸ். என்று நாம் சொல்வதில், இருந்தவர்களுக்கு இது பழக்கம். சேரிக்குப் போய்ப் பார்ப்பார்கள், கூடி விவாதிப்பார்கள், ஏதாவது செய்வார்கள். எந்தக் கிட் புத்தகத்திலும் இல்லாத முதல் படி அதுதான், பார்ப்பது. பார்வையற்றோர் விடுதிக்கு நடந்து போவது. பல கத்தோலிக்கப் பள்ளிகளில் ஒய்.சி.எஸ்.ஸும் இருக்கிறது, ரோபோ மன்றமும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. முன்னது ஏழைப் பிள்ளைகளின் கூட்டம், பின்னது 'ஸ்மார்ட்' பிள்ளைகளின் கூட்டம்.

இப்போது பல கணினி அறைகளில் கார்லோ அகுதிஸ் படம் மாட்டியிருக்கிறார்கள். 15 வயதில் 2006இல் இறந்துபோன இத்தாலியப் பையன், நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையதளம் செய்தவர், 2025 செப்டம்பரில் புனிதராக அறிவிக்கப்பட்டவர். நல்ல தேர்வு. ஆனால் அவர் கணினியைத் தானாகவே புத்தகம் பார்த்துப் படித்தவர். படத்துக்குக் கீழே கணினிகள் பூட்டிக் கிடந்தால் அவருக்கே சங்கடமாக இருக்கும். பெண்கள் பள்ளி நடத்தும் சகோதரிகளுக்கு நான் இன்னொருவரையும் சொல்வேன், மேரி கென்னத் கெல்லர். அமெரிக்கக் கன்னியாஸ்திரி, 1965இல் கணினியியலில் முனைவர் பட்டம் பெற்றவர், அந்த நாட்டில் அதைப் பெற்ற முதல் பெண். கிளார்க் கல்லூரியில் கணினித் துறையைத் தொடங்கி இருபது வருடம் நடத்தினார். கைக்குழந்தையோடு வகுப்புக்கு வரும் தாய்மாரை ஆதரித்தார் என்கிறார்கள்.

அந்தக் கைக்குழந்தை விஷயம் எனக்கு முக்கியம், ஏனென்றால் நம் மன்றங்கள் நாலரை மணிக்கு மேல்தான் கூடுகின்றன. கிராமத்துக்குப் போகிற டவுன் பஸ் நாலே முக்காலுக்கு. அடுத்தது ஆறரைக்கு. எந்த அப்பா தன் பெண்ணை ஆறரை பஸ்ஸில் வர விடுவார்? "கேர்ள்ஸுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல சார்" என்று ஒரு பயிற்சியாளர் என்னிடம் சொன்னார். பஸ் டைம் பார்த்தீர்களா என்று கேட்டேன், பார்க்கவில்லை. மதிய உணவு இடைவேளையில் இருபது நிமிடம் குறைத்து, கடைசி இரண்டு பீரியடில் சேர்த்தால் முடிந்தது. நீதிபோதனை வகுப்பை வாரம் ஒருநாள் விட்டுக்கொடுத்தாலும் நீதிக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

கடைசியாக ஒன்று. எல்லாப் பள்ளியிலும் தொழில்நுட்ப மன்றம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குப் பெயர்தான் இல்லை. காலை அசெம்பிளியில் மைக் செட் போடுகிற அந்த இரண்டு பிள்ளைகள். ஆம்ப்ளிஃபயர் அறையின் சாவி அவர்களிடம்தான் இருக்கும். எந்த ஒயர் லூஸ், எந்த மைக் இரைகிறது, மழை நாளில் எந்த ஸ்பீக்கர் வேலை செய்யாது என்று தலைமையாசிரியருக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் பின் பெஞ்ச். அவர்களை ரோபோ மன்றத்தில் சேர்த்த பள்ளி ஒன்றைக்கூட நான் இன்னும் பார்க்கவில்லை. மார்க் போதாதாம்.

ஜூனில் பள்ளி திறக்கும்போது எங்கிருந்து தொடங்குவது என்று கேட்கிற ஆசிரியர்களுக்கு என் பதில் இதுதான். அந்த இரண்டு பேரையும், எதையாவது பிரித்துப்போட்டு வீட்டில் திட்டு வாங்குகிற இன்னும் நாலு பேரையும் கூப்பிடுங்கள். அதில் பாதியாவது பெண்பிள்ளைகளாக இருக்கட்டும். உதவி பெறும் பக்கத்திலிருந்து கூப்பிடுங்கள். சில நூறு ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டர், ஒரு சால்டரிங் அயர்ன், கண்ணுக்குக் கண்ணாடி. வேலை பள்ளியிலேயே கிடக்கிறது. மேல்தொட்டி நிரம்பி வழிவதும், கழிப்பறைக்குத் தண்ணீர் வராததும் ஒரே நாளில் நடக்கிற பள்ளிகள் நம்முடையவை. தொட்டியின் நீர்மட்டத்தைக் காட்டுகிற ஒரு விளக்கு, வாட்ச்மேன் அண்ணன் மோட்டார் போடுகிற இடத்தில். முதலில் அவரிடமே போய்க் கேட்கட்டும், விளக்கு வேண்டுமா மணி வேண்டுமா என்று. 230 வோல்ட் பக்கம் கை போக வேண்டாம், அது எலக்ட்ரீசியன் வேலை. ஆபீஸ் வேலையை, ஆன்லைன் பதிவேற்றத்தை இவர்கள் தலையில் கட்டவும் வேண்டாம். கேட்டால் செய்துவிடுவார்கள், அதுதான் ஆபத்து. இருப்புப் பதிவேட்டில் மல்டிமீட்டரை ஏற்றும்போது, பொறுப்பாளர் என்ற இடத்தில் ஆசிரியர் பெயருக்குக் கீழே ஒரு மாணவியின் பெயரையும் எழுதிவிடுங்கள்.